காகிதம் இல்லாமல் பேசுகிறவர் தயாரிப்பில்லாமல் பேசுகிறாரா?

வாசகர் கேள்வி, ஜனவரி 12

எங்கள் சபையில் இரண்டு போதகர்கள் மாறி மாறிப் பிரசங்கிக்கிறார்கள். ஒருவர் முழுவதையும் எழுதிக்கொண்டு வந்து படிக்கிறார். மற்றவர் வேதப் புத்தகத்தைத் தவிர வேறெதையும் மேடைக்குக் கொண்டுவருவதில்லை. முன்னவரிடம் ஆவியின் ஏவுதல் இல்லை என்று ஒரு சாராரும், பின்னவர் தயாரிப்பதே இல்லை என்று மறு சாராரும் பேசிக்கொள்கிறார்கள். பிரசங்கிகள் உண்மையில் எப்படித் தயாரிக்கிறார்கள்? இவற்றில் எது சரியான முறை?

ஜனவரி 12, இரவு

ஒரு சிறிய மாத இதழுக்காகப் பிரசங்க ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். பேசுகிறவரின் கையில் காகிதம் இருந்ததா இல்லையா என்பது ஒலிப்பதிவில் பெரும்பாலும் தெரிவதில்லை. ஆனால் அவர் தயாரித்திருக்கிறாரா என்பது சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடுகிறது. தயாரித்தவர் ஓர் உதாரணத்தின் நடுவே எங்கோ விலகிப் போனாலும், விட்ட இடத்திற்குச் சரியாகத் திரும்பி வருகிறார், ஏனெனில் தாம் போய்ச் சேர வேண்டிய இடம் அவருக்குத் தெரியும். தயாரிக்காதவர் திரும்பும் வழி தெரியாதபோது குரலை உயர்த்துகிறார், அல்லது வாசித்த வசனத்தையே மீண்டும் ஒருமுறை வாசிக்கிறார். எழுத்தாக்கும்போது இந்த இரண்டாவது வகையில்தான் எனக்கு வேலை அதிகம்: அரை மணி நேரப் பேச்சில் ஒரே கருத்து நான்கு இடங்களில் வேறு வேறு சொற்களில் கிடக்கும், எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது என்று பேசியவரே முடிவு செய்திருக்க வேண்டியதை நான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.

முடிவைக் கவனித்தாலும் போதும். "கடைசியாக" என்று சொல்லிவிட்டு அதன் பிறகு இரண்டு முறை புதிதாகத் தொடங்குகிறவர் முடிவைத் தயாரிக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம். ஆகவே காகிதத்தை அளவுகோலாகக் கொள்ளாதீர்கள் என்பதுதான் என் பதில்.

ஜனவரி 13

நேற்று எழுதியதற்கு வரலாற்றில் சான்று கேட்டிருக்கிறார்கள். தாராளமாக உண்டு.

ஜெனீவாவில் 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் குறிப்பு எதுவுமின்றி, எபிரெய, கிரேக்க மூலங்களை மட்டும் முன்னால் வைத்துக்கொண்டு பிரசங்கித்தார். 1549 முதல் ஒரு சுருக்கெழுத்தாளர் அவற்றை முறையாக எடுத்து எழுதியதனால்தான் அவை நமக்குக் கிடைத்தன. 1538இல் நகரைவிட்டு வெளியேற்றப்பட்டு 1541இல் திரும்பி வந்தபோது, நடந்ததைப் பற்றிக் குறை எதுவும் சொல்லாமல், தாம் விட்டுச்சென்ற இடத்திற்கு அடுத்த பகுதியிலிருந்தே தொடர்ந்தார். கையில் காகிதம் இல்லை என்பதற்காக அவரைத் தயாரிப்பில்லாதவர் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். விளக்கவுரைகள் எழுதுவதும் விரிவுரைகள் ஆற்றுவதும் அவருடைய அன்றாட வேலையில் அடங்கியிருந்தன.

நேர்மாறான எடுத்துக்காட்டு 18ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் போதகர் ஜோனத்தன் எட்வர்ட்ஸ். கையடக்கமான சிறு ஏடுகளைத் தாமே தைத்து, அவற்றில் நெருக்கமான கையெழுத்தில் பிரசங்கத்தை எழுதி எடுத்துச் செல்வார். 1740களில் அவரும் மெல்ல மெல்ல முழு எழுத்தைக் குறைத்துக்கொண்டு, குறிப்புகளின் பக்கம் நகர்ந்தார். ஆக, ஒரே மனிதருக்குள்ளேயே இரண்டு முறைகளும் இருந்திருக்கின்றன.

லண்டனில் 19ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற பிரசங்கி ஸ்பர்ஜனின் வழக்கம் பலருக்கு அதிர்ச்சியளிக்கக்கூடியது. ஞாயிறு காலைப் பிரசங்கத்தைச் சனிக்கிழமை மாலையிலும், ஞாயிறு மாலைப் பிரசங்கத்தை அன்று பிற்பகலிலும் தயாரித்தார். மேடைக்கு எடுத்துச் சென்றது ஒரு துண்டுத் தாளில் சில வரிகள் மட்டுமே. இதை மேற்கோள் காட்டித் தம் சனிக்கிழமைச் சோம்பலுக்கு நியாயம் தேடும் இளம் போதகர்களை நான் அறிவேன். அவருடைய நூலகத்தில் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன என்பதையும், அவர் ஓயாமல் வாசித்துக்கொண்டே இருந்தார் என்பதையும் அவர்கள் சொல்வதில்லை. சனிக்கிழமை மாலையில் அவர் தேர்ந்தெடுத்தார், அடுக்கினார். சேர்த்து வைப்பது வாரம் முழுவதும் நடந்தது.

ஜனவரி 13, சற்றுப் பின்

தனிச் செய்தியில் ஒருவர், "அப்படியானால் நானும் சனிக்கிழமை மாலையில் தொடங்கலாமா?" என்று கேட்கிறார். 12,000 நூல்களை வாசித்து முடித்த பிறகு தாராளமாகத் தொடங்கலாம், ஐயா.

ஜனவரி 16

"எப்படி" என்ற பகுதிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்று இழையைத் தொடங்கிய நண்பர் சரியாகவே சுட்டிக்காட்டியிருக்கிறார். ஓய்வுபெற்ற ஆயர் ஒருவர் தம் பழைய தயாரிப்புத் தாள்களை என்னிடம் கொடுத்திருக்கிறார். அவற்றையும், நானே சில முறை அழைப்பின்பேரில் பேச நேர்ந்தபோது பட்ட பாட்டையும் வைத்து எழுதுகிறேன்.

முதல் கேள்வி, எந்தப் பகுதியிலிருந்து பேசுவது என்பது. கத்தோலிக்கத் திருச்சபையில் 1969 முதல் ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. பல சீர்திருத்தத் திருச்சபைகள் 1992இல் வெளிவந்த திருத்திய பொது வாசகப் பட்டியலைப் பின்பற்றுகின்றன. அத்தகைய சபைகளில் போதகருக்குப் பிடிக்காத பகுதியும் தவறாமல் வந்து நிற்கும். அது ஒரு நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். பட்டியல் இல்லாத இடங்களிலோ, தேடுவதிலேயே வாரத்தின் பெரும்பகுதி கரைந்துபோகும். ஸ்பர்ஜனே தம் மாணவர்களிடம், பொருள் கிடைக்காமல் மணிக்கணக்காகக் காத்திருந்ததையும், வசனங்களுக்குச் சட்டகம் சட்டகமாக அமைத்துப் பிறகு அவற்றையெல்லாம் கைவிட்டதையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஆயரின் தாள்களில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. முதல் தாளில் பகுதியைக் கையால் படியெடுத்திருக்கிறார். ஓரத்தில் கேள்விகள் மட்டுமே இருக்கின்றன, பதில் ஒன்றும் இல்லை. "இங்கே ஏன் கூட்டம் சிரித்தது?" "இவன் ஏன் பதில் சொல்லவில்லை?" "இந்த வரி இல்லாவிட்டால் என்ன குறையும்?" என்ற வகைக் கேள்விகள். விளக்கவுரைகளிலிருந்து எடுத்த குறிப்புகள் இரண்டாவது தாளில்தான் வருகின்றன. தமக்குக் கேள்வி எழுவதற்கு முன்பே விளக்கவுரையைத் திறந்தால் அதை எழுதியவருடைய கேள்விக்கே சபைக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்போம் என்பது அவர் எனக்குச் சொன்ன காரணம். மூன்றாவது தாளில் ஒரே வாக்கியம்: இந்தப் பகுதி என்ன சொல்கிறது என்பது. அந்த வாக்கியம் பல முறை அடித்து அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது. சில வாரங்களில் மற்ற எல்லாத் தாள்களையும்விட அதில்தான் மை அதிகம்.

அதற்குப் பிறகு எல்லாம் விரைவாக நடந்திருக்கிறது. தலைப்புகள், ஓர் உதாரணம், கேட்பவர் வாழ்வில் இது எங்கே தொடும் என்பதற்கான இரண்டு மூன்று வரிகள், இறுதியில் தொடக்கம். ஆம், தொடக்கத்தை அவர் கடைசியில்தான் எழுதினார். எந்த வீட்டுக்குள் அழைக்கப் போகிறோம் என்று தெரியாமல் வாசற்படியைக் கட்ட முடியாதல்லவா?

தாள்களின் அடியில் வேறொரு கட்டு இருந்தது. அதன் மேல் "இந்த வாரம் வேண்டாம்" என்று எழுதியிருந்தது. பிரசங்கத்தில் இடம்பெற்றதைவிட அந்தக் கட்டு தடிமனானது. நல்ல மேற்கோள்கள், நல்ல சரித்திரத் தகவல்கள், ஒரு நல்ல நகைச்சுவைகூட அதில் கிடந்தது. தயாரிப்பு என்பதில் மிகக் கடினமான பகுதி இந்தக் கட்டைக் கட்டுவதுதான் என்று அவற்றைப் பார்த்த பிறகு நம்பத் தொடங்கினேன்.

ஜனவரி 17

பிரசங்கிகள் கதைகளைச் சேர்த்து வைத்திருப்பார்களா என்று கேட்டவருக்கு: ஆம், பல பிரசங்கிகளிடம் கதைக் கோப்பு இருக்கிறது. அது இருப்பதில் குறையொன்றும் இல்லை. கதை முதலில் கிடைத்து, அதற்கேற்ற வசனம் பிறகு தேடப்படும்போதுதான் தொல்லை. எழுத்தாக்கும்போது இது எளிதில் பிடிபடும். கதைக்குப் பத்து நிமிடமும் வசனத்திற்கு ஒரு நிமிடமும் ஆகியிருக்கும். தாம் படகில் போனபோது நடந்ததாக மூன்று வெவ்வேறு பிரசங்கியார் ஒரே சம்பவத்தைச் சொல்லி நான் எழுத்தாக்கியிருக்கிறேன். ஒரே படகாக இருந்தால் நெருக்கடி அதிகம்தான்.

ஜனவரி 20

படகுக் கதை ஒரு சண்டையைக் கிளப்பிவிட்டது. பிறருடைய பிரசங்கத்தை எடுத்துப் பேசுவது திருட்டா என்ற கேள்விக்குத் பழந்திருச்சபையின் இரு பெரும் ஆசிரியர்களே ஒத்த பதில் தரவில்லை.

யோவான் கிறிசோஸ்தோம் குருத்துவத்தைப் பற்றி எழுதிய நூலின் ஐந்தாம் பகுதியில், பிறர் எழுதியதைத் தம் பேச்சில் சேர்க்கும் பிரசங்கி பணம் திருடியவனைவிட அதிக அவமானத்துக்கு ஆளாகிறான் என்றும், எடுக்காவிட்டாலும் சந்தேகப்பட்டே மக்கள் அவனைத் திருடனாக நடத்துகிறார்கள் என்றும் சொல்கிறார். அவர் பேசுவது அறநெறியைப் பற்றி மட்டுமல்ல, கேட்பவர்களின் இரக்கமின்மையைப் பற்றியும்தான். அதே பகுதியில், பேச்சாற்றல் உள்ளவனுக்கே உழைப்பு அதிகம் வேண்டும் என்றும் வாதிடுகிறார்: அந்த ஆற்றல் இயற்கையாக வருவதன்று, பயிற்சியால் வருவது; விட்டுவிட்டால் போய்விடும். பொன்வாயர் என்று புகழப்பட்டவர் இதைச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

மற்றவரான அகுஸ்தீன், கிறிஸ்தவப் போதனையைப் பற்றிய தம் நூலின் நான்காம் பகுதியில், நன்றாகப் பேச முடிந்தும் சொந்தமாக இயற்றத் தெரியாதவர்கள், பிறர் ஞானத்தோடு எழுதியதை மனப்பாடம் செய்து மக்களுக்குச் சொன்னால், அதில் வஞ்சகம் இல்லாதவரை, குற்றமில்லை என்கிறார். இங்கிலாந்துத் திருச்சபை 1547இல் ஆயத்தப் பிரசங்கங்களின் தொகுப்பை வெளியிட்டு, பிரசங்கிக்கத் தகுதி பெறாத குருமார் அவற்றை அப்படியே வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. கேம்பிரிட்ஜில் போதகர் சார்லஸ் சிமியோன் 2,536 பிரசங்கச் சட்டகங்களை 21 தொகுதிகளாக வெளியிட்டதும் மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்துவதற்காகவே.

என் கருத்தைக் கேட்டால், "வஞ்சகம் இல்லாதவரை" என்ற அகுஸ்தீனின் நிபந்தனையில் எல்லாம் அடங்கியிருக்கிறது. "இதை இன்னாரிடம் படித்தேன்" என்று சொல்ல மூன்று விநாடி ஆகும். அந்த மூன்று விநாடியைச் செலவிட மனமில்லாதவர் எடுத்துக்கொள்வது சொற்களை மட்டுமல்ல. தமக்கு நேராத அனுபவத்துக்கும் சேர்த்து உரிமை கொண்டாடுகிறார். படகுக் கதையில் எனக்கிருக்கும் மனக்குறை அதுதான்.

ஜனவரி 21

இரவு படுத்த பிறகு தோன்றியது. பிறருடையதைத் திரும்பச் சொல்வதைப் பற்றி இவ்வளவு எழுதினேன். தம்முடையதையே திரும்பச் சொல்வதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. "பழைய பிரசங்கத்தைத் தூசி தட்டுகிறார்" என்று ஏளனமாகப் பேசுவது நம் வழக்கம், நானும் பேசியிருக்கிறேன். ஆனால் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் தன்வரலாற்றில், ஊர் ஊராகச் சென்று பிரசங்கித்த ஜார்ஜ் விட்ஃபீல்டின் பேச்சை அடிக்கடி கேட்டதால், புதிதாக இயற்றிய பிரசங்கம் எது, பயணத்தில் பல முறை பேசிப் பழகியது எது என்று எளிதில் பிரித்தறிய முடிந்தது என்கிறார். பழகிய பிரசங்கமே அவருக்கு உயர்ந்ததாகப் பட்டது. ஒவ்வோர் ஏற்ற இறக்கமும் அத்தனை செம்மையாக அமைந்திருந்ததாம். ஓரிடத்திலேயே இருக்கும் பிரசங்கிக்கு அந்த ஒத்திகை வாய்ப்பு இல்லை என்பதையும் அவர் கவனித்திருக்கிறார்.

எட்வர்ட்ஸின் மிகப் புகழ்பெற்ற பிரசங்கமும் 1741 ஜூலை 8 அன்று என்ஃபீல்டு என்ற ஊரில் பேசப்படுவதற்கு முன்பே அவருடைய சொந்தச் சபையில் பேசப்பட்டதுதான். என்ஃபீல்டில் மக்களின் அழுகுரலால் அவரால் முடிக்கவே இயலவில்லை. சொந்தச் சபையில் அப்படி எதுவும் நிகழ்ந்ததாகப் பதிவில்லை. பிரசங்கத்தின் பாதி கேட்பவர்களிடம் இருக்கிறது என்று இதிலிருந்து சொல்லலாம். அந்தப் பாதியை எந்த அறையில் உட்கார்ந்தும் தயாரிக்க முடியாது.

ஜனவரி 25

"கிறிஸ்தவர்களைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்களே" என்ற குறையை ஏற்கிறேன். பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைத் தொழுகையோடு நிகழ்த்தப்படும் குத்பா உரையைப் பற்றி, அதை நிகழ்த்தும் கதீப் நண்பர் ஒருவரிடம் பேசியபோது தெரிந்துகொண்டது: அதன் வடிவம் முன்பே வரையறுக்கப்பட்டது. இரண்டு பகுதிகள், நடுவில் சிறிது நேரம் அமர்தல், இறைப்புகழ், நபிமீது ஸலவாத் எனும் வாழ்த்து, இறையச்சத்தை நினைவூட்டல். தொழுகையை நீட்டிப்பதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒருவரின் மார்க்க அறிவுக்கு அடையாளம் என்று இமாம் முஸ்லிமின் நபிமொழித் தொகுப்பில் ஒரு நபிமொழி இருக்கிறது. ஆகவே அவருடைய தயாரிப்பின் பெரும்பகுதி, கிடைத்த குறைந்த நேரத்துக்குள் எதைச் சொல்லாமல் விடுவது என்பதிலேயே போகிறது. அந்த ஆயரின் "இந்த வாரம் வேண்டாம்" கட்டைப் பற்றிச் சொன்னபோது, தம்முடைய கைப்பேசியில் அப்படியொரு கோப்பு இருப்பதாகச் சிரித்தார்.

காகிதச் சண்டை அங்கும் உண்டு. 2016இல் எகிப்தில் பள்ளிவாசல்களை நிர்வகிக்கும் வக்ஃபு அமைச்சகம் எல்லாப் பள்ளிவாசல்களிலும் ஒரே எழுதப்பட்ட குத்பாவை வாசிக்க வேண்டும் என்று அறிவித்தபோது, அந்நாட்டின் புகழ்பெற்ற இஸ்லாமியக் கல்வி நிறுவனமான அல்-அஸ்ஹரின் மூத்த அறிஞர் அவை அதை எதிர்த்தது. எழுதிக் கொடுத்ததை வாசிக்கப் பழகிய இமாம், எதிரே நிற்பவரின் கேள்விக்குத் தாமாகப் பதில் சொல்லும் திறனை இழந்துவிடுவார் என்பது எதிர்த்தவர்களின் கவலை. இதில் என் நிலைப்பாடும் அதுவே. தாமே எழுதியதை வாசிப்பது வேறு, எழுதி அனுப்பியதை வாசிப்பது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்.

ஜனவரி 26

யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலரை ஒருவர் நினைவூட்டியதற்கு நன்றி. 1847 டிசம்பர் 31, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். வாரந்தோறும் ஒரு குறித்த நாளில் உரைநடையில் பேசும் முறையை அருகிலிருந்து பார்த்தவர். வாரம் தவறாமல் ஒரு நாள் வந்து நிற்கும் என்ற கட்டாயமே தயாரிப்பைத் தொழிலாக்குகிறது.

பிப்ரவரி 2

எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்கள் குறையவில்லை.

மார்ட்டின் லூதர் கிங் அமெரிக்காவின் மான்ட்கோமெரியில் போதகராக இருந்த காலத்தில் ஒரு ஞாயிறு பிரசங்கத்துக்கு வழக்கமாக 15 மணி நேரம் செலவிட்டதாகத் தாமே எழுதியிருக்கிறார். 1955 டிசம்பர் 5 அன்று, அந்நகரக் கறுப்பின மக்களின் பேருந்துப் புறக்கணிப்பின் முதல் நாள் மாலை, ஹோல்ட் தெருத் தேவாலயத்தில் பேச அவருக்குக் கிடைத்த தயாரிப்பு நேரம் ஏறக்குறைய 20 நிமிடம். அதிலும் ஒரு பகுதி பதற்றத்தில் போய்விட்டது. அந்தப் பேச்சுதான் போராட்டத்தை நிலைநிறுத்தியது. இதைக் கேட்டுவிட்டு 20 நிமிடம் போதும் என்று முடிவுகட்டுவோர் உண்டு. வாரவாரம் 15 மணி நேரம் உழைத்தவருக்கு நெருக்கடியில் 20 நிமிடம் போதுமாக இருந்தது என்றே நான் படிக்கிறேன். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் அவர் எழுதிய உரையை விட்டு விலகிக் கனவைப் பற்றிப் பேசினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே கனவுப் பகுதியை இரண்டு மாதங்களுக்கு முன் டெட்ராய்ட்டில் பேசியிருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. தாளிலிருந்து விலகியபோதும் அவர் பழகிய பாதையில்தான் நடந்தார்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2013இல் வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், தயாரிக்காத மறையுரையாளர் ஆவிக்குரியவர் அல்ல, நேர்மையற்றவர், பொறுப்பற்றவர் என்று கடிந்திருக்கிறார். 2024இல் அவரே மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் மக்கள் தூங்கிவிடுவார்கள் என்றார். இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும். எட்டு நிமிடம் பேசுவதற்கு நாற்பது நிமிடம் பேசுவதைவிட அதிக நேரம் தயாரிக்க வேண்டும். எழுத்தாக்குகிறவன் என்ற முறையில் இதில் எனக்கு ஐயமே இல்லை.

பிப்ரவரி 3

இயந்திரத்திடம் கேட்டு எழுதுவதைப் பற்றி: 2023 ஜூனில் ஜெர்மனியின் ஃபியூர்த் நகரத் தேவாலயம் ஒன்றில், சாட்ஜிபிடி பெரும்பாலும் இயற்றிய வழிபாடு முழுவதும் திரையில் தோன்றிய உருவங்களால் நடத்தப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். எழுத்தாக்கத்துக்கு அண்மையில் எனக்கு வந்த ஓரிரு பிரசங்கங்களிலும் அந்த வாடை அடித்தது. வாக்கியங்கள் ஒழுங்காக இருந்தன, ஆனால் யாரும் எதையும் அடித்துத் திருத்தியதற்கான அடையாளமே இல்லை. ஆயரின் முதல் தாளில் இருந்த கேள்விகளை ஒருவர் தாமே எழுதிவிட்டு, இரண்டாம் தாளுக்கு எந்தக் கருவியை வேண்டுமானாலும் நாடட்டும். முதல் தாளையும் கருவியிடமே கேட்டால், சிமியோனின் சட்டகத்தை எடுத்தவர் செய்த அளவு வேலையைக்கூட அவர் செய்யவில்லை.

பிப்ரவரி 9

இழையைத் தொடங்கிய நண்பர் தம் சபையின் இரு போதகர்களிடமும் நேரிலேயே கேட்டுவிட்டு வந்திருக்கிறார். காகிதம் இல்லாமல் பேசுகிறவர் முழுவதையும் எழுதி, இரண்டு முறை உரக்கப் படித்து, தாளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறாராம். எழுதிப் படிப்பவரோ, எழுதாவிட்டால் தம் கோபத்தைச் சபையின்மீது கொட்டிவிடுவோம் என்ற அச்சத்தில்தான் தாளை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறாராம். இந்த இரண்டாவது காரணம் எனக்கு எந்த நூலிலும் கிடைக்காதது. மேடையில் தம்மையே நம்பாத ஒருவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட கட்டு அது என்றால், அந்தத் தாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாளோடு வரும் அந்தப் போதகர் என்னிடம் இன்னொன்றையும் கேட்கச் சொன்னாராம்: எழுத்தாக்கிய பிரதியைப் பேசியவருக்கு அனுப்புவதுண்டா என்று. உண்டு. ஸ்பர்ஜன் திங்கட்கிழமை தோறும் சுருக்கெழுத்துப் பிரதியைத் திருத்தி அச்சுக்கு அனுப்பினார். நானும் ஒவ்வொருவருக்கும் பிரதியை அனுப்பிவிடுவேன். திருத்தித் திருப்பி அனுப்புகிறவர்கள் மிகச் சிலரே. அவர்களுடைய அடுத்த ஒலிப்பதிவை எழுத்தாக்குவது எளிதாக இருக்கும். அவருக்கும் அனுப்புகிறேன், ஒலிக்கோப்பை மட்டும் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.